சிவப்புக் குழாயும் மஞ்சள் குழாயும்

தருமபுரியைக் கடந்து சேலத்தை நோக்கி வரும் நெடுஞ்சாலை, தொப்பூர்க் கணவாயில் மலைகளின் இடுக்கிலே வளைந்து வளைந்து இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, சாலையோரத்து மண்ணில் ஒதுங்கி நிற்கும் கனரக லாரி ஒன்றை அவ்வழியே பிரயாணம் செய்வோர் அடிக்கடி காணலாம். சக்கரங்களில் பழுதில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஏற்றிய சரக்கும் சரியவில்லை. ஆயினும் ஓட்டுநர் கீழே இறங்கி, முன்வண்டிக்கும் அதன் பின்னே நாற்பதடி நீளத்துக்கு நீண்டு கிடக்கும் டிரெயிலருக்கும் இடையிலுள்ள சந்தில் தலையை நுழைத்து, கண்களை மூடிக்கொண்டு, தம்பூராவில் சுருதி விலகிய தந்தியைத் தேடும் வித்துவானைப் போல எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் தேடுவது ஒரு சீறல். ‘ஏர் லீக்’ என்று லாரிக்காரர்கள் குறிப்பிடும் அந்தச் சீறல், காற்றுக் குழாய்களில் எங்கோ ஒரு கீறலோ, தளர்ந்த இணைப்போ, தேய்ந்துபோன ரப்பர் வளையமோ இருப்பதைத் தெரிவிக்கிறது. பட்டறை இருபது மைலுக்கு அப்பால் இருக்கலாம். சரக்கோ மறுநாள் காலைக்குள் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தாக வேண்டும். ஆகையால் ஒரு கத்தியும், இரண்டு ஸ்பானர்களும், முழ நீளம் நைலான் குழாயும் கொண்டு அதைச் சாலையோரத்திலேயே சரிசெய்துவிட அவர் முனைகிறார். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்தக் காரியத்துக்குள் அழுத்தத்தின் கணக்கும், ஒலியின் வேகமும், நைலானின் குணமும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் யோசித்த தலைகீழான யோசனை ஒன்றும் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் கடைசியில் சொன்னதே பிரதானமானது; அதை அறிந்தவன் செய்யும் பழுதுபார்ப்பு வண்டியைக் காக்கிறது; அறியாதவன் செய்வதோ, ஆபத்தைச் சொல்ல வந்த வண்டியின் வாயை அடைத்துவிடுகிறது.

காரில் நாம் மிதிக்கும் பிரேக், எண்ணெயின் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கிறது. நாற்பது டன் எடையுள்ள டிரெயிலர் லாரிக்கு எண்ணெயை விட்டுக் காற்றை நாடியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எண்ணெய் கசிந்தால் நடுவழியில் அதை ஈடுசெய்ய வேறு எண்ணெய் வேண்டும். காற்றோ வண்டியைச் சுற்றிலும் விலையின்றிக் கிடக்கிறது. டிரெயிலரை ஓரிடத்தில் கழற்றி விட்டு வேறோர் இடத்தில் இன்னொன்றைப் பூட்டும்போதெல்லாம் எண்ணெய்க் குழாயைத் திறந்து மூடினால் எண்ணெயும் சிந்தும், உள்ளே குமிழியும் புகும். காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டுவதில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெயை அமுக்கினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். சுருங்கிய காற்று, முறுக்கிய வில்லைப் போலத் தன்னுள் சக்தியைச் சேமித்துக்கொண்டு, வேண்டும்போது அதைத் திருப்பித் தரக் காத்திருக்கிறது.

எஞ்சினோடு இணைந்து சுழலும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி, வண்டியின் அடியிலுள்ள ஏர் டேங்குகளில் நிரப்புகிறது. ஓட்டுநரின் எதிரேயுள்ள மானி சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய எட்டு கிலோ என்று காட்டியதும், ‘ஏர் ஏறிவிட்டது’ என்று கிளம்புகிறார்கள். பெடலை மிதிக்கும் பாதம் பிரேக்கை நேராக அழுத்துவதில்லை. ஒரு வால்வைத் திறந்து, மிதித்த அளவுக்குத் தக்கபடி டேங்கின் காற்றைக் குழாய்களில் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் காற்று சக்கரத்தினருகில் உள்ள, லாரிக்காரர்கள் ‘பூஸ்டர்’ என்று அழைக்கும், உருண்டையான உலோகப் பெட்டிக்குள் புகுந்து, அதிலுள்ள ரப்பர்த் தகட்டைத் தள்ளுகிறது. கனரக வண்டிகளில் பரவலாக வழங்கும் ஒரு வகைப் பெட்டியில் அந்தத் தகட்டின் பயன்படும் பரப்பு 30 சதுர அங்குலம். அதாவது ஏறக்குறைய 190 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏழு கிலோ வீதம் காற்று அழுத்தினால், தகடு முழுவதும் சேர்ந்து 1,300 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தண்டைத் தள்ளும். பாதத்தின் சிறு அசைவு, சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குழாயின் வழியே சென்று, ஒரு டன்னுக்கு மேற்பட்ட பலமாக வெளிப்படுகிறது. அந்தக் குழாயில் விழும் கீறல் எவ்வளவு முக்கியமானது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

காற்றைக் கொண்டு வண்டியை நிறுத்தலாம் என்ற எண்ணம் லாரிக்காக உதித்ததன்று, ரயிலுக்காக உதித்தது. அமெரிக்காவில் 1846ஆம் ஆண்டில் பிறந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர், ஆட்கள் பெட்டி பெட்டியாக ஏறி நின்று கையால் சக்கரத்தைத் திருகி ரயிலை நிறுத்தும் அபாயகரமான வழக்கத்துக்கு மாற்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கத்தைத் தோண்டும் தொழிலாளர்கள் அமுக்கிய காற்றை நெடுந்தூரம் குழாய் வழியே கொண்டுசென்று பாறையைத் துளைக்கிறார்கள் என்ற செய்தியை ஒரு பத்திரிகையில் படித்தார். மலைக்குள்ளே அவ்வளவு தூரம் செல்லும் காற்று, ஒரு ரயிலின் நீளத்துக்குச் செல்லாதா என்று அவர் கேட்டுக்கொண்டார். நம் திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மூலைகளுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் இன்றும் அமுக்கிய காற்றின் பலத்தால்தான் பாறையை உடைக்கின்றன. பாறையை உடைக்கும் காற்றும் அந்த லாரியை நிறுத்தும் காற்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது, அதை ஓட்டுகிறவர்களுக்கே வியப்பளிக்கக்கூடிய செய்தி.

1869இல் வெஸ்டிங்ஹவுஸ் தமது முதல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அந்த முதல் ஏற்பாடு நேர்வழிப்பட்டது: எஞ்சினிலிருந்து காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும், அனுப்பாவிட்டால் பிடிக்காது. கேட்பதற்கு இயல்பாகத் தோன்றும் இந்த முறையில் பெரிய விபரீதம் ஒன்று ஒளிந்திருந்தது. நடுவழியில் குழாய் அறுந்தாலோ, பெட்டிகள் பிரிந்து பின்னோக்கி உருண்டாலோ, மிக அவசியமான அந்தக் கணத்திலேயே பிரேக் இல்லாமற் போய்விடும். 1872இல் அவர் இந்த முறையை அப்படியே தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டியையும் ஒரு நுட்பமான வால்வையும் வைத்து, நெடுக ஓடும் குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விலகியிருக்கவும், குழாயில் காற்று குறைந்தால் பெட்டியின் சொந்தத் தொட்டியிலுள்ள காற்றே பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கவும் ஏற்பாடு செய்தார். அதாவது, காற்றின் வரவு அல்ல, காற்றின் இழப்பே கட்டளை. குழாய் அறுந்தால் ரயில் ஓடாது, நிற்கும். பழுதையே பாதுகாப்பின் சாதனமாக ஆக்கிக்கொண்ட இந்தத் தத்துவம், யந்திர சாஸ்திரத்தின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்று.

இன்றைய டிரெயிலர் லாரியின் விசேஷம், வெஸ்டிங்ஹவுஸின் அந்த இரண்டு யோசனைகளையும் அருகருகே இரண்டு குழாய்களில் சுமந்துகொண்டு ஓடுவதுதான். முன்வண்டியிலிருந்து டிரெயிலருக்குச் சுருள் சுருளாகத் தொங்கும் குழாய்களைப் பாருங்கள். ஐரோப்பிய முறையைத் தழுவிய நாடுகளில் ஒன்று சிவப்பு, மற்றொன்று மஞ்சள். அமெரிக்காவில் மஞ்சளுக்குப் பதிலாக நீலம். மஞ்சள் குழாய் 1869ஆம் ஆண்டின் யோசனை: ஓட்டுநர் மிதித்தால் அதில் காற்று வரும், வந்தால் பிரேக் பிடிக்கும், மிதிக்காதபோது அது வெறுமையாக இருக்கும். சிவப்புக் குழாய் 1872ஆம் ஆண்டின் யோசனை: அதில் எப்பொழுதும் காற்று நிறைந்திருக்க வேண்டும், அது டிரெயிலரின் டேங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும், அது வற்றினால் டிரெயிலர் தன் பிரேக்கைத் தானே பூட்டிக்கொள்ளும். சில டிரெயிலர்களில் டேங்கிலுள்ள காற்றே அந்த வேலையைச் செய்கிறது. ஸ்பிரிங் பிரேக் உள்ளவற்றிலோ, ஓடும் காலமெல்லாம் காற்றினால் அமுக்கி வைக்கப்பட்டிருக்கும் வலிமை வாய்ந்த எஃகுச் சுருள் ஒன்று, காற்று போனதும் விடுபட்டுத் தண்டைத் தள்ளுகிறது. அதே சமயத்தில் முன்வண்டியிலுள்ள ஒரு காப்பு வால்வு மூடிக்கொண்டு, முன்வண்டியின் காற்றும் அறுந்த வாய் வழியே ஓடிவிடாமல் தடுக்கிறது. மஞ்சள் குழாய் அறுந்துபோனாலும், ஐரோப்பிய விதிகளின்படி அமைந்த வண்டிகளில், ஓட்டுநர் பெடலை மிதித்தவுடன் ஒரு வால்வு சிவப்புக் குழாயின் காற்றை இரண்டு வினாடிக்குள் வேண்டுமென்றே குறைத்து டிரெயிலரை நிறுத்துகிறது. முதல் யோசனை தவறும்போது, அதன் பொறுப்பை இரண்டாவது யோசனை ஏற்றுக்கொள்கிறது.

இந்த வம்சாவளி நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், சென்னையை அடுத்த பாடியில் லாரிகளுக்கான காற்று பிரேக் உறுப்புகளைச் செய்யலாயிற்று. பின்னாளில் அந்தப் பிரேக் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்து ‘வாப்கோ’ என்ற பெயரைப் பூண்டது. ‘வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி’ என்ற பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அந்தச் சொல். தொப்பூரில் நிற்கும் ஓட்டுநருக்கு அந்த இளைஞனின் பெயர் தெரிந்திராவிட்டாலும், அவர் கையால் தடவும் வால்வின் மேல் அது சுருக்கெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும்.

இனி, அவர் காது கொடுத்துக் கேட்கும் காரியத்துக்கு வருவோம். குழாய்களின் நிறம் தெரிந்துவிட்டால் கசிவைத் தேடுவது குருட்டுத்தனமான வேலையன்று; அது ஒரு தர்க்கம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்தும் விட்டும் காட்ட, பின்னால் குனிந்திருக்கும் கிளீனர் கூவுகிறான்: “அண்ணா, சும்மா இருக்கறப்ப ஒண்ணும் இல்லீங்க, நீங்க மிதிச்சாத்தானுங்க சத்தம் வருது!” உடனே பதில் வருகிறது: “அப்ப மஞ்சள்லயும் பூஸ்டர்லயும் பாருடா தம்பி!” மிதிக்காமலே இடைவிடாமல் சீறினால் பழுது சிவப்புக் குழாயின் வழியிலோ டேங்கிலோ இருக்கிறது, மிதிக்கும்போது மட்டும் சீறினால் மஞ்சள் குழாயின் வழியில், அல்லது பூஸ்டரின் கிழிந்த ரப்பர்த் தகட்டில் இருக்கிறது. டிரெயிலருக்குக் காற்றை அடைத்துவிட்டபின் சீறல் நின்றால் குறை பின்வண்டியில், நிற்காவிட்டால் முன்வண்டியில். இப்படி இரண்டு மூன்று கேள்விகளிலேயே, அறுபது அடி நீளத்தில் எங்கோ இருந்த கசிவு ஒரு முழ நீளத்துக்குள் அகப்பட்டுவிடுகிறது. மிச்சத்தைச் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். சோப்பு, தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அதை மெல்லிய சவ்வாக விரியச் செய்வதால், காதுக்கு எட்டாத நுண்ணிய கசிவும் கண்ணெதிரே குமிழியாகப் பூக்கிறது.

அந்தச் சீறல் ஏன் அவ்வளவு கூர்மையாக ஒலிக்கிறது? குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளியிலுள்ளதைப் போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே, துவாரத்தின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் உள்ளே எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடத்தில் வேகம் கூடுவதில்லை. பிரேக் குழாயின் அழுத்தம் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருப்பதால், ஒவ்வொரு கசிவும் ஒலியின் வேகத்தில் பீறிடும் ஒரு சிறிய ஊற்று. இதைக்கொண்டு கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரத்தின் வழியே வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளிக்காற்றுக்குச் சமமான காற்று தப்பிச் செல்லும். நூறு லிட்டர் கொள்ளளவுள்ள டேங்கில் எட்டு கிலோ இருந்தால், எச்சரிக்கை மணி ஒலிக்கும் நாலு கிலோ அளவுக்கு அது இறங்க ஏழெட்டு நிமிஷம் பிடிக்கும். எஞ்சின் ஓடினால் இந்த இழப்பே தெரியாது. ஏனெனில் கம்ப்ரஸர் நிமிஷத்துக்குச் சில நூறு லிட்டர் காற்றைத் தரும்போது, கசிவு கொண்டுபோவது அறுபது லிட்டர்தான். ஆனால் துவாரத்தின் விட்டம் மூன்று மில்லிமீட்டர் ஆகட்டும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், கசிவு மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்காகிவிடும். அப்பொழுது கம்ப்ரஸர் உதவாவிட்டால் அதே டேங்க் ஒரு நிமிஷத்துக்குள் எச்சரிக்கை அளவுக்கு வந்துவிடும். உதவினாலும் வரவைவிடச் செலவே மிஞ்சி நிற்கும். ‘நேற்று வரைக்கும் ஓடிற்றே’ என்று சொல்லி ஒரு கசிவை அலட்சியம் செய்கிறவர் மறந்துவிடுவது இந்த வர்க்கக் கணக்கைத்தான்.

கசிவைக் கண்டுபிடித்தாயிற்று. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடலாம் என்பது. ஒரு மில்லிமீட்டர்த் துவாரத்தின்மேல் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிட்டால் அது அறுபது கிராமைச் சற்றே தாண்டும். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை. அதைத் தாங்க டேப்பால் முடியாதா என்று கேட்கலாம். முடியாது, காற்று துவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. அது டேப்புக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழையளவு வழி கண்டுபிடித்துப் பரவுகிறது; பரவிய பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் ஆனதும், அதே எட்டு கிலோ அழுத்தம் இப்பொழுது எட்டு கிலோ விசையாகிவிடுகிறது. எலுமிச்சம்பழமாக இருந்தது எட்டு கிலோ அரிசியாக வளர, பசை உரிந்து டேப் பறக்கிறது. வெளியிலிருந்து ஒட்டும் எந்த ஒட்டுக்கும் இதே கதிதான்.

ஆகவே, சரியான வழி வெட்டி இணைப்பதே. சேதமடைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ஒரு பித்தளை யூனியனால், அல்லது இடையே புதிய குழாய்த் துண்டும் இரு யூனியன்களும் வைத்து, இணைக்க வேண்டும். இதில் கைத்திறனைவிட வெட்டும் முறைக்கே மதிப்பு அதிகம். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வட்டமான குழாயின் முனை நசுங்கி நீள்வட்டமாகிறது. யூனியனுக்குள் இருக்கும் வட்டமான ரப்பர் வளையம் அந்த நீள்வட்டத்தைச் சுற்றி முழுவதும் படியாமல், இரு பக்கங்களிலும் பிறைபோன்ற இடைவெளியை விட்டுவிடுகிறது. கூரிய கத்தியால், குழாய்க்குச் செங்குத்தாக, ஒரே வீச்சில் வெட்டிய முனையே பொருந்தும். தள்ளி மாட்டும் வகை யூனியனானால், குழாயை அடிவரை செலுத்தியபின் ஒருமுறை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர்க் குழாய் ஒன்றை எட்டு கிலோ அழுத்தம் சுமார் ஒன்பது கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. ஆனால் உள்ளேயுள்ள பற்கள் ஆப்புப்போல அமைந்திருப்பதால், எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்கு இறுக்கமாகக் கவ்விக்கொள்கின்றன. நட்டு முடுக்கும் வகையானால், குழாயின் உட்புறத்தில் சிறிய பித்தளைக் குச்சுக்குழல் ஒன்றைச் செருக மறக்கலாகாது. நைலான் இரும்பைப் போன்றதன்று. இடைவிடாத நெருக்கத்தின் கீழ், அதுவும் எஞ்சினின் வெப்பத்தில், அது மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொள்ளும் குணமுடையது. உள்ளே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால், இன்று ஊமையாக இறுகியிருக்கும் நட்டு பத்து நாளில் மீண்டும் சீறத் தொடங்கும். தோட்டத்து ரப்பர்க் குழாயைச் செருகி இரு பக்கமும் கிளிப் முடுக்குவது இந்தக் காரணங்கள் எல்லாவற்றாலும் தகாத வேலை.

கைவைக்கக் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. கம்ப்ரஸரிலிருந்து புறப்படும் முதல் குழாய் ஒன்று. காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கும்போது அது கடுமையாகச் சூடேறி, அந்தக் குழாயின் வாயில் நூற்றைம்பது டிகிரியையும் கடந்துவிடக்கூடும். அந்த இடத்தில் உலோகக் குழாய்க்குப் பதிலாக நைலானை மாட்டினால் அது இளகி வெடிக்கும். மற்றொன்று, ஸ்பிரிங் பிரேக்கின் பெட்டி. அதற்குள் அடைபட்டிருக்கும் எஃகுச் சுருளின் விசை அரை டன்னுக்கு மேற்பட்டது. அதன் வளையப் பட்டியைச் சாலையோரத்தில் கழற்ற முயல்வது, நாணில் ஏற்றிய அம்பின் எதிரே முகத்தை நீட்டுவதற்கு ஒப்பாகும். அதனால் உயிரிழந்தவர்கள் உண்டு.

கசிவு இல்லாமலே குழாய் அடைபடுவதும் உண்டு. அதற்குக் காரணம் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஈரம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று அதிகபட்சம் முப்பது கிராம் நீராவியை ஏந்தும். நம் ஊர்க் காற்று அதில் பாதிக்குச் சற்று மேலாக, பதினெட்டு கிராமை, ஏந்தி வருகிறது என்று கொள்வோம். அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி மறுபடி ஆறவிட்டால், அந்தச் சிறு இடத்தில் நாலு கிராமுக்குமேல் தங்க முடியாது. எஞ்சிய பதினாலு கிராமும் தண்ணீராக டேங்கின் அடியில் சொட்டுகிறது. குளிர் நாடுகளில் இந்தத் தண்ணீர் வால்வுக்குள் உறைந்து பிரேக்கைச் செயலிழக்கச் செய்யும். நம் நாட்டில் துருவாகி ரப்பரைத் தேய்க்கும். ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் இருந்தாலும், டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றும் பழைய வழக்கத்தை நல்ல ஓட்டுநர்கள் கைவிடுவதில்லை.

இவ்வளவும் தெரிந்தவருக்கும் ஒரு சபலம் எதிர்ப்படும். யூனியன் கையிருப்பில் இல்லை, இருட்டிவிட்டது, பூஸ்டர் ஒன்றின் ரப்பர்த் தகடு கிழிந்து சீறுகிறது. அதற்குச் செல்லும் குழாயை மடக்கிக் கம்பியால் கட்டிவிட்டால், அல்லது ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டால், சீறல் நின்றுவிடும், மானி ஏறும், வண்டி நகரும். உண்மைதான், ஆனால் அந்தக் கணத்தில் ஒரு சக்கரம் பிரேக்கை இழந்துவிட்டது. அந்த அச்சின் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் பிடிக்காமல், அவசரமாக மிதிக்கும்போது டிரெயிலர் கோணலாக இழுக்கக்கூடும். அதைவிட மோசம், டேங்கின் காற்றாலேயே பூட்டிக்கொள்ளும் டிரெயிலரானால், அந்தச் சக்கரத்தின் மட்டில் சிவப்புக் குழாயின் மொழி இப்பொழுது திருத்தி எழுதப்பட்டுவிட்டது. ‘காற்று போனால் நில்’ என்று 1872இல் விதித்த சட்டத்தை ஒரு போல்ட் ரத்து செய்துவிட்டது. அவ்வண்டி தன் அங்கத்தில் ஒன்று இறந்துபோனதை யாருக்கும் சொல்லாமல், நிறைந்த மானியோடு, தொப்பூர் இறக்கத்தை நோக்கிச் செல்கிறது.

அந்த இறக்கத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். நாற்பது டன் லாரி ஒன்று நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது, அது கைவிடும் சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறினால், நூற்றுமுப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இந்தச் சுமையை எஞ்சினோடு பகிர்ந்துகொள்ளவே, ஏறும்போது போட்ட சிறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்கிறார்கள். டீசலை மிச்சப்படுத்தும் ஆசையால் நியூட்ரலில் விட்டு, சில வேளைகளில் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவோர், மூன்று பாதகங்களை ஒருங்கே தேடிக்கொள்கிறார்கள்: எஞ்சினின் பிடிப்பு போகிறது; எஞ்சினை நிறுத்தினால் கம்ப்ரஸரும் நின்று காற்று வரவு நின்றுபோகிறது; விட்டு விட்டு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் டேங்கிலிருந்து ஒரு பங்கைச் செலவழிக்கிறது. நல்ல நிலையிலுள்ள பிரேக்கிலும், மிதித்த கட்டளை குழாயில் ஓடி, கடைசிச் சக்கரத்தின் பூஸ்டர் நிரம்ப ஏறக்குறைய அரை வினாடி ஆகலாம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி பதினொரு மீட்டர் சென்றுவிடும். இந்தத் தாமதத்தைக் குறைக்கவே சக்கரங்களின் அருகில் ரிலே வால்வுகள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு கசிவு அந்தத் தாமதத்தை மறுபடி கூட்டுகிறது.

பழுது பார்க்கும் மனிதனுக்கு மிகப் பெரிய அபாயமோ, பழுது நீங்கும் நேரத்தில்தான் வருகிறது. காற்று இல்லாததால் பூட்டிக்கொண்டு நின்ற வண்டி, யூனியன் பொருந்திக் காற்று ஏறியதும் தானாகவே விடுபடக்கூடும். தன் வேலை பலித்த அந்தக் கணத்தில் மனிதன் சக்கரங்களுக்கிடையே படுத்திருக்கிறான். ஆகையால் வண்டியடியில் நுழையுமுன், ‘கட்டை போடு’ என்ற முதல் கட்டளை பிறக்கிறது. கட்டையாயினும் கல்லாயினும், சரிவின் கீழ்ப்பக்கத்தில் சக்கரத்துக்கு அணைவாக வைத்த பிறகே மற்றவை எல்லாம்.

வேலை முடிந்தபின், கட்டையை எடுக்காமலே ஒரு சோதனை நடக்கிறது. காற்றை முழுவதும் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பெடலை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் மானியின் முள்ளைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் டிரெயிலர் ஓட்டும் உரிமத்துக்கான தேர்வில், இந்த ஒரு நிமிஷத்தில் சதுர அங்குலத்துக்கு நாலு பவுண்டுக்குமேல், அதாவது நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவைச் சற்றே தாண்டிய அளவுக்குமேல், இறங்கலாகாது என்பது விதி. நாம் முன்பு கணக்கிட்ட ஒரு மில்லிமீட்டர்த் துவாரம் இந்தச் சோதனையில் தவறிவிடும். முள் அசையாமல் நின்றால், நிறுத்து பிரேக்கைப் போட்டுவிட்டுக் கட்டையை எடுத்து வண்டியில் வைக்கிறார்கள். கல்லாக இருந்தால் அதைச் சாலையைவிட்டு அப்பால் எறிய வேண்டும். அப்படியே விட்டுச் சென்ற கல், இருட்டில் வரும் இரு சக்கர வாகனக்காரனின் உயிருக்கு உலை வைக்கும்.

இறுதியாக ஒன்று மிஞ்சுகிறது. சமதரையில், முன்வண்டியின் பிரேக்கை மட்டும் விடுவித்து, சிவப்புக் குழாய்க்குச் செல்லும் காற்றை ஓட்டுநர் வேண்டுமென்றே அடைக்கிறார். பிறகு முதல் கியரைப் போட்டு, மெல்ல முன்னே இழுத்துப் பார்க்கிறார். முன்வண்டி முனகுகிறது, டிரெயிலர் அசையவில்லை. அசைந்திருந்தால் பட்டறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். காற்றை இழந்த வண்டி நகர மறுத்ததைக் கண்ட பிறகே, அவர் சிவப்புக் குழாய்க்கு மீண்டும் காற்றைத் திறந்துவிட்டு, கணவாயை நோக்கிப் புறப்படுகிறார்.